ஆவுடைநாயகம் பிள்ளையின் மூக்கு ஒழுகிய காரணம்

பூவன்குறிச்சி சமையல் கோஷ்டியைத் தெரியாதவர்கள் தாமிரபரணிக் கரையில் குறைவு. தெரிந்தவர்களும் அவர்களோடு அதிகம் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்கள். பேசினால் வம்பு. சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள்.

ஒரு கல்யாண வீட்டில், வந்தவர்கள் யாரும் கை நனைக்காமல் போய்விடக் கூடாது என்று மாப்பிள்ளையின் தகப்பனார் உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான். கோஷ்டியில் பாதிப் பேர் வாளித் தண்ணீரோடு வாசலில் போய் நின்றுகொண்டார்கள். சாப்பிட்டவர், சாப்பிடாதவர், வழி கேட்க வந்தவர் என்று எல்லார் கையையும் பிடித்து முக்கி எடுத்துத்தான் அனுப்பினார்கள். பட்டுச் சட்டை போட்டிருந்த தாசில்தார் சுவரேறிக் குதிக்கப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு வாளி இருந்தது.

இருந்தும் ஊர் அவர்களைத்தான் சமையலுக்குக் கூப்பிட்டது. அதற்குக் காரணம் கோஷ்டித் தலைவர் ஆவுடைநாயகம் பிள்ளையின் மூக்கு.

அந்தக் கோஷ்டியில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்குப் படைக்கும் முன் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் எச்சில். ஆகவே உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் பிள்ளை மூக்காலேயே பார்ப்பார். அண்டாவின் மேல் குனிந்து, கண்ணை மூடி, ஆவியை ஒரு இழுப்பு இழுப்பார். "உப்பு இன்னும் ஒரு கை" என்பார். போட்டால் சரியாக இருக்கும். உப்புக்கு ஏது வாசனை என்று கேட்டவர்கள் உண்டு. அந்தச் சாம்பாரை ஒரு தரம் ஊற்றிச் சாப்பிட்ட பிறகு அவர்கள் கேட்பதில்லை.

அவருக்குக் கீழே மூன்று பேர். குற்றாலம் யோசிப்பவர். எதைக் கேட்டாலும் கண்ணை மேலே சொருகி யோசிப்பார், யோசித்து முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். பிரம்மநாயகம் இளகிய மனசுக்காரர். வெங்காயத்தைப் பையிலிருந்து எடுக்கும்போதே அழ ஆரம்பித்துவிடுவார். மூன்றாவது கோலப்பன், ஞாபகசக்திக்காரர். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் அவருக்குள் நிற்கும். புதிதாக ஒன்று நுழைந்தால் பழையதில் ஒரு துண்டு வெளியேறிவிடும். அதனால் முக்கியமான விஷயம் உள்ளே இருக்கிற நாட்களில் காதைப் பொத்திக்கொண்டு யாரோடும் பேசாமல் திரிவார்.

கார்த்திகை மழை விட்ட கையோடு பிள்ளையின் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, கண் அரிப்பு இல்லை. அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார், மூக்கும் அது பாட்டுக்கு ஒழுகும். அடுப்புப் பக்கம் போனால் குழாயைத் திறந்த மாதிரி. ஒழுகாத நேரத்தில் அடைத்துக்கொள்ளும். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுப் பார்த்தார். திறந்தது. மறுபடி அடைத்தது. மறுபடி விட்டார். கடைசியில் மருந்தில்லாமல் மூக்கு திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

விஷயம் ரைஸ்மில் தாமோதரம் பிள்ளையின் காதுக்கு எட்டியது. தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். அந்த வீட்டில் காது குத்திலிருந்து கருமாதி வரை எல்லாம் ஆவுடைநாயகம் குடும்பத்துச் சமையல்தான். தாமோதரம் பிள்ளை பெரிய மனிதர், பேச்சும் பெரிதாகவே இருக்கும். நேரே வந்து நின்றார்.

"வே ஆவுடை, வார வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை எங்க ஆக்குப்புரைக்கு வந்து ஒரு மாதிரிச் சமையல் பண்ணும். நானே எலை போட்டு உக்காருதேன். ரசம் சுள்ளுன்னு இருக்கணும். எலையில ஒத்தச் சொட்டு மூக்குத் தண்ணி விழுந்தாலும் சரி, அது யாரு மூக்கா இருந்தாலும் சரி, அந்த மூக்கு உள்ளவன் பெறகு என் ஆக்குப்புரைக்குள்ள கால் வைக்கப் பிடாது. சொல்லிட்டேன்."

ஆக்குப்புரை என்பது விசேஷச் சமையலுக்கென்று போடுகிற ஓலைக்கொட்டகை. அதற்குள் கால் வைக்க முடியாத சமையல்காரர் என்ன சமையல்காரர்? ஆவுடைநாயகம் பிள்ளைக்கு வேறு வேலை தெரியாது. மற்ற மூன்று பேருக்கு அந்த வேலையே தெரியாது.

பாளையங்கோட்டையில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் நாலு பேருமாகப் போனார்கள். அந்த அம்மாள் பிள்ளையின் முன்கையில் வரிசையாகப் பொட்டு வைத்து, லேசாகக் குத்தி, கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் வீங்கவில்லை. அப்படியானால் அலர்ஜி இல்லை என்றார். இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றும் வீங்கவில்லையே என்று பிரம்மநாயகம் தேம்பினார்.

அலர்ஜி இல்லாமலும் மூக்கு இப்படிப் பண்ணும் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். புகையாலும் நெடியாலும் வருவது ஒரு வகை. காரமாகச் சாப்பிட்டால் ஒழுகுவது ஒரு வகை. சூட்டிலிருந்து குளிருக்குச் சட்டென்று போனால் சிலருக்கு வரும். மனக்கவலையில் வரும். சொட்டு மருந்தை அளவில்லாமல் விட்டால் அதுவே மூக்கை அடைக்கும். சில ரத்த அழுத்த மாத்திரைகளால் வரும். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வருவதும் உண்டு, குழந்தை பிறந்ததும் தானாக நின்றுவிடும்.

"உங்களுக்கு எதனாலன்னு ஒண்ணொண்ணா விலக்கிப் பாருங்க. எல்லாத்தையும் விலக்கின பிறகு மிஞ்சுறது எதுவோ அதுதான் காரணம்" என்றார் அவர்.

படித்த பெண்மணி, சரியாகத்தான் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

காரணங்கள் மறந்துவிடாமல் இருக்க, ஞாபகம் வைத்துக்கொள்வதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கோலப்பனுக்குக் கடைசிக் காரணம் வந்தது. அதை வாங்கிய கணமே காதைப் பொத்திக்கொண்டார். பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்து விலக்கி, காதுக்குள் "டிக்கெட்" என்று கத்தினார். கோலப்பன் துடித்துப்போனார். உள்ளே "டிக்கெட்" நுழைந்துவிட்டது, "பெண்களுக்கு" வெளியே போய்விட்டது. போனது என்னவென்று அவருக்கும் தெரியவில்லை.

முதலில் புகையை விலக்கினார்கள். புகையில் நிற்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆகவே பிள்ளை நிற்கவில்லை. அடுப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அவர் பின்னாலேயே புகையும் சுற்றியது. வேலிக்கு வெளியே போன ஒரு அம்மாள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது. நிற்காமலும் ஒழுகுவதால் புகை காரணமில்லை என்று குற்றாலம் தீர்ப்புச் சொன்னார்.

அடுத்தது காரம். வீட்டில் வற்றல் மிளகாய் இருந்தால்தானே காரம் என்று, மூட்டையோடு ஆற்றங்கரைக்கு எடுத்துப் போனார்கள். போன இடத்தில் சும்மா இருப்பானேன் என்று அங்கேயே உரலைப் போட்டு இடித்தார்கள். நல்ல காற்று. படித்துறையில் குளித்தவர்கள் தும்மிக்கொண்டே பாதிக் குளியலில் கரையேறினார்கள், எருமைகள் அக்கரைக்குப் போய்விட்டன. அன்றைக்குப் பிள்ளையின் மூக்கு தனியாக ஒழுகவில்லை, ஊரே துணைக்கு ஒழுகியது.

சூட்டிலிருந்து குளிருக்கு மெல்லப் போக வேண்டும் என்பது குற்றாலத்தின் பங்கு. பிள்ளையை அடுப்படியிலிருந்து கொல்லைக்கு அழைத்துப்போக அவரே பொறுப்பேற்றார். ஒரு அடி வைப்பது, நிற்பது, உடம்பு சூட்டைத் தொட்டுப் பார்ப்பது, யோசிப்பது, அடுத்த அடி. தேர் நிலைக்கு வருவது மாதிரி இருந்தது. பிள்ளை கொல்லைக்குக் கிளம்பியது ஓர் அவசர காரியத்துக்காக. பாதி வழியில் அவசரம் தீர்ந்துவிட்டது, வேட்டி மாற்றத் திரும்பி வந்தார்கள், அதுவும் மெல்லத்தான்.

கவலையை விலக்குவதுதான் சிரமமாக இருந்தது. பிரம்மநாயகம் முன்வந்தார். அண்ணாச்சி பட வேண்டிய கவலையை எல்லாம் தான் பட்டுவிடுவதாகச் சொல்லி, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். தாமோதரம் பிள்ளை என்ன சொல்வாரோ, இலையில் சொட்டு விழுந்துவிடுமோ என்று மனசு விட்டுக் கவலைப்பட்டார். சாயங்காலம் ஆவதற்குள் அவர் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. பிள்ளையின் மூக்கு நின்றபாடில்லை.

"அப்போ கவலைதான் காரணம்" என்றார் பிரம்மநாயகம்.

"ஒமக்கு அதுதான் காரணம். அண்ணாச்சிக்கு இல்ல. கவலையெல்லாம் ஒம்மகிட்டலா இருக்கு" என்றார் குற்றாலம்.

சொட்டு மருந்தை வீசி எறிந்தார்கள். மூக்கு சுத்தமாக அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டுக் கூட வரவில்லை. எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை அண்டா மேல் குனிந்து இழுத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் நன்றாகக் காய்ந்துவிட்டது, இனிப் பருப்புப் போடலாம் என்றார். அது பெருங்காயம் போட்டு இறக்கத் தயாராக இருந்த சாம்பார். கொஞ்ச நாளில் அடைப்பு தானாக விட்டது. விட்டதும், அடைத்திருந்த நாளுக்கும் சேர்த்து ஒழுகியது.

மாத்திரைதான் பாக்கி. பிள்ளைக்கு ரத்த அழுத்தமே கிடையாது, மாத்திரையும் சாப்பிட்டதில்லை. ஒன்றை நிறுத்த வேண்டுமானால் முதலில் ஆரம்பிக்க வேண்டும் என்று குற்றாலம் கண்டுபிடித்தார். மருந்துக்கடைக்குப் போய், நிறுத்துவதற்கு ஒரு மாத்திரை வேண்டும் என்று கேட்டார்கள். கடைக்காரர் கடையைவிட்டு இறங்கி வந்து விரட்டினார். அவரே விலக்கிவிட்டதால் அதுவும் விலகிவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம். மறுநாள் தாமோதரம் பிள்ளை இலை போட்டு உட்காருவார். நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, எல்லாம் முடிந்தது, இனித் தோசைக்கல் தேய்த்துத்தான் பிழைக்க வேண்டும் என்றார். அப்போதுதான் கோலப்பன் இத்தனை நாளும் காதில் வைத்திருந்த கையை எடுத்தார்.

"கர்ப்பமா இருந்தாலும் மூக்கு இப்பிடி ஒழுகும், டிக்கெட். புள்ள பொறந்ததும் தானா நின்னுரும்."

எல்லாரும் பிள்ளையின் பக்கம் திரும்பினார்கள்.

"அது பொம்பளையளுக்குலா?" என்று பிள்ளைதான் மெதுவாகக் கேட்டார்.

கோலப்பன் உள்ளே தேடிப் பார்த்தார். பொம்பளை என்று எதுவும் அங்கே இல்லை. சத்தியமாக இல்லை என்றார்.

"டிக்கெட்டுன்னா என்னவே?" என்றார் பிரம்மநாயகம்.

"பிரசவத்துக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவணும்லா, பஸ்ஸுக்கு" என்று குற்றாலம் விளக்கினார். பிறகு கண்ணை மேலே சொருகி யோசித்தார். அன்றைக்கு யோசனை சீக்கிரம் முடிந்தது. "அண்ணாச்சி, தப்பா நெனைக்கப் பிடாது. எல்லாத்தையும் விலக்கியாச்சு. மிஞ்சுனது இது ஒண்ணுதான். மிஞ்சுறது எதுவோ அதுதான் காரணம்னு டாக்டரம்மா வாயாலயே சொன்னாவ."

பிள்ளை குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அது வெகுநாளாகவே முன்னால் வந்திருந்தது. நேற்று மாங்காய் ஊறுகாயைத் தனியாக எடுத்துத் தின்றது நினைவுக்கு வந்தது. சில நாளாக இடுப்பும் வலிக்கிறது. மத்தியானம் படுத்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவருக்கு முதலில் வெட்கமாக இருந்தது, அப்புறம் ஏனோ ஒரு சந்தோஷம் வந்தது. கால்மேல் கால் போட்டிருந்தவர் சட்டென்று காலைப் பிரித்து, பதமாக உட்கார்ந்துகொண்டார்.

வளைகாப்புப் போடாமல் விட்டால் தோஷம் என்றார் பிரம்மநாயகம். நாளைக்கு எப்படியும் சமையல் உண்டு, அதோடு சேர்த்துப் போட்டுவிடலாம் என்றார் குற்றாலம். பிள்ளையின் மனைவி பகவதியம்மாளிடம் போய் வளையல் கேட்டார்கள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் நின்று கேட்டாள். அவர்களோடு பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கு வேறு ஒரு விஷயம்தான் பொறுக்கவில்லை.

"எம் மவன் வயித்துல இருந்தப்போ வலி வார வரைக்கும் மாவாட்டுனேன். ஒருத்தர் ஒரு மணை எடுத்துப் போடல. ஒங்க அண்ணாச்சிக்கு மட்டும் வளைகாப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய், கண்ணாடி வளையல்களையும் ஒரு துண்டு சோப்பையும் கொண்டுவந்து வைத்தாள். சோப்பு எதற்கு என்று மறுநாள்தான் தெரிந்தது. பிள்ளையின் கை அவ்வளவு தடிமன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆக்குப்புரையின் வாசலோரம், நல்ல காற்று வருகிற இடமாகப் பார்த்து மணை போட்டுப் பிள்ளையை உட்காரவைத்தார்கள். பிள்ளைத்தாச்சியை அடுப்படியில் நிற்கவிடுவதா? கன்னத்தில் சந்தனம், நெற்றியில் குங்குமம், கை நிறைய வளையல். கூடவே வந்திருந்த பகவதியம்மாள்தான் சோப்புப் போட்டு ஏற்றிவிட்டாள். மற்ற மூவரும் தூரத்தில் சமைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துவந்து அவர் மூக்கடியில் காட்டினார்கள். அவர் இழுத்துப் பார்த்து, உப்பு ஒரு கை, புளி கொஞ்சம் என்று சொல்லி அனுப்பினார். வளையல் குலுங்கியது.

புகை கிட்டே இல்லை, மிளகாய் நெடி இல்லை, சொட்டு மருந்து எப்போதோ போய்விட்டது. காரணம் தெரிந்துவிட்டதால் கவலையும் இல்லை. மூக்கு காய்ந்து கிடந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ள நல்ல புள்ள. இன்னைக்கு மானத்த வாங்கிராதன்னு காலம்பற சொன்னேன், கேட்டுக்கிட்டு" என்றார் பிள்ளை.

தாமோதரம் பிள்ளை வந்தார். வளையலைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார். தெரியாத சங்கதியை வாய்விட்டுக் கேட்பது அவருக்கு வழக்கமில்லை. மூக்கைத்தான் கேட்டார். எதிரே நின்று பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், குனிந்து கீழிருந்தும் பார்த்தார். துளி ஈரம் இல்லை. கொஞ்சம் ஏமாற்றத்தோடு அடுப்புப் பக்கமாக இடம் பார்த்து, மணையும் இலையும் போட்டு உட்கார்ந்தார்.

அவியல் அமைந்திருந்தது. சாம்பாருக்கு இரண்டு தரம் தலையாட்டினார். அடுத்து ரசம். சுள்ளென்று இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதால் குற்றாலம் யோசிக்காமல் மிளகைக் கொட்டியிருந்தார். ஆவி பறக்கிற ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, பெரிய மனிதர் குனிந்து நாலு கவளம் இழுத்துச் சாப்பிட்டார். புகையும் அந்தப் பக்கம்தான் அடித்தது. ஐந்தாவது கவளத்துக்குக் குனிந்தபோது, அவர் மூக்கு நுனியில் ஒரு சொட்டு கோத்து நின்று, ஆடி, அப்பளத்துக்கும் அவியலுக்கும் நடுவே இலையில் விழுந்தது.

டொப்பென்று கேட்ட மாதிரி கூட இருந்தது. தாமோதரம் பிள்ளை அவசரமாகத் துண்டை எடுத்தார். எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

அந்த மூக்கு உள்ளவர் ஆக்குப்புரைக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொன்னது யாராக இருந்தாலும் சொன்னது சொன்னதுதான். மூன்று பேரும் ஓடிப்போய், அவர் எழுந்திருப்பதற்குள், உட்கார்ந்திருந்த மணையோடு அப்படியே தூக்கிவிட்டார்கள். ஒரு கால் தரையைத் தேடியது. பிரம்மநாயகம் அதை மரியாதையோடு மடக்கி மேலே வைத்தார்.

"எறக்குங்கவே! கல்யாணச் சமையல் ஒங்களுக்குத்தான். தந்துட்டேன். மொதல்ல எறக்குங்க" என்றார் தாமோதரம் பிள்ளை, அந்தரத்தில் இருந்தபடி.

"கால் வைக்கப் பிடாதே மொதலாளி" என்றார் குற்றாலம் வருத்தத்தோடு.

ஆவுடைநாயகம் பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்தார். வேலை கிடைத்த சந்தோஷம்கூட அவர் முகத்தில் இல்லை. பெரிய மனிதரின் சிவந்த மூக்கையும், இவ்வளவு நாள் மில்லில் உட்கார்ந்தே வளர்த்த வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், யாரிடமும் சொல்ல முடியாமல் எத்தனை நாளாகத் தவிக்கிறாரோ என்று இரங்கினார். தன் கையிலிருந்து நல்ல சிவப்பு வளையலாக ஒன்றைக் கழற்றி, பகவதியம்மாளிடம் சோப்பைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு மணைக்குப் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெக்கப்படாதிய மொதலாளி, வெளிய மூச்சு விட மாட்டோம். இது எத்தனாவது மாசம்?"